காலியில் இரண்டு ரக்அத்

ஓம், நாங்கள் தெற்கே காலிக்குப் போனோம். அகதிக் கொட்டிலில் இருந்துகொண்டு, நிவாரண அரிசியைச் சமைத்துத் தின்றுகொண்டு, ஒரு குடும்பம் காலிக் கோட்டை பார்க்கப் போனது. அதைச் சொல்லியே புத்தளம் கரைத்தீவுப் பக்கத்து முகாமில் எங்களை ஒரு வருடம் கிழித்தார்கள். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என் வயசுக்காரிகள் யாராவது, "நீங்கதானே உப்பு லொறியில டூர் போன ஆக்கள்" என்று சிரிப்பதுண்டு. சிரியுங்கள். அதற்கு முதல் என்ன நடந்தது என்று ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிடுங்கள்.

வடக்கு முஸ்லிம்களை ஊரை விட்டுத் துரத்திய தொண்ணூறாம் வருடத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்னாரை விட்டு மழைக்குள் வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினவர்கள் நீங்களும்தான். எங்கள் வாப்பாவுக்கு மன்னார் டவுனில் துணிக்கடை. வரும்போது அவர் கையில் ஒன்றும் இல்லை. உம்மாவின் இடுப்பில் தம்பி, தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு கறுப்புக் குடை. வீடே போகிறது, குடை எதற்கு என்று வாப்பா ஏசினாராம். கரை இறங்கும்வரை நானும் தம்பியும் அந்தக் குடைக்குக் கீழேதான் குந்தியிருந்தோம். குடையை யாரும் பிறகு ஏசவில்லை.

முகாமுக்கு வந்த பிறகு வாப்பா உப்பளத்தில் கூலிக்குப் போனார். மீட்டர் கோலால் துணி அளந்த கை பலகையால் உப்பு வாரியது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. அவருடைய பிடிவாதமெல்லாம் வேறு ஓர் இடத்தில் இருந்தது. அவர் நாலு ரக்அத் தொழ மறுத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழும்புகிற ஒரு சுற்றுத்தான் ஒரு ரக்அத்.

மார்க்கம் பயணிக்கு, அதாவது முசாபிருக்கு, ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. மத்தியானத்து லுஹர், பின்னேரத்து அஸர், இரவு இஷா மூன்றையும் நாலு நாலாகத் தொழாமல் இரண்டு இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஓர் இடத்தில் சில நாட்கள் தங்கிவிட்டால் அந்தச் சலுகை முடிந்துபோகும். பிறகு ஊர்க்காரனைப் போல நாலுதான். வாப்பாவோ வந்து ஒன்றரை வருடம் ஆன பிறகும் இரண்டே தொழுதுகொண்டிருந்தார். அந்த ஊர் இமாமுக்குப் பின்னால் நின்றால் நாலு தொழவேண்டி வரும் என்று அந்த மூன்று நேரத்துக்கும் பள்ளியில் ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழவே போகமாட்டார். விடியச் சுபஹுக்கும் அந்திக்கு மஃரிபுக்கும் மட்டும் போவார். அந்த இரண்டிலும் சுருக்க ஒன்றுமில்லை.

இது முகாம் முழுக்கத் தெரிந்த விசயம். பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்கார் இரண்டு தடவை கொட்டிலுக்கு வந்து புத்தி சொன்னார். கிணறு வெட்டியாகிவிட்டது, பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள், இதெல்லாம் என்ன பயணம் என்று கேட்டார். எப்போது திரும்புவோம் என்று தெரியாதவன் எத்தனை நாளானாலும் சுருக்கலாம் என்று வேறு மத்ஹபின் சட்டத்தில் இடமிருப்பதாக வாப்பா எங்கேயோ கேட்டு வைத்திருந்தார். அதைச் சொன்னார். மரைக்கார் அதற்கு மறுமொழி சொல்லத் தொடங்கியதும் குறுக்கே வந்து ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

"நான் நாலு தொழுதா, அந்த நேரத்திலேருந்து இது என்ர ஊர் எண்டாகும். எனக்கு ஊர் இருக்கு. நான் இன்னும் வழியிலதான் நிக்கிறன்."

உம்மா வந்து இறங்கிய வாரமே நாலுக்குத் திரும்பியவர். ஒரே கொட்டில், ஒரே பாய். பாயின் ஒரு தலைப்பில் வாப்பா இரண்டு முடித்துச் சலாம் கொடுத்துவிடுவார். மற்றத் தலைப்பில் உம்மா மூன்றாவதுக்கு எழும்பிக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. நான் வாப்பாவின் கட்சி. ஊர்ப்பற்று ஒன்றும் இல்லை, சோம்பல்தான். சீக்கிரம் முடியும், ஓடிப்போய் விளையாடலாம். முகாமில் என் வயசுப் பிள்ளைகள் என்னைப் பார்த்து வயிறெரிந்தார்கள். உங்களில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து கள்ளமாக இரண்டு தொழுததை நான் மறக்கவில்லை.

உம்மாவுக்கு வேண்டியிருந்தது என்னவென்று அந்த வயதில் எனக்குச் சரியாகப் புரியவில்லை. உம்மாவின் நானா, எங்கள் மாமா, தொண்ணூறுக்கு வெகுகாலம் முன்பே புத்தளத்தில் கல்யாணம் முடித்து, தில்லையடியில் வீட்டோடு இருந்தவர். உப்பு லொறி ஓட்டுவார். தன் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி சும்மா கிடக்கிறது, ஓர் அறை கட்டிக்கொண்டு வந்து இருங்கள் என்று மாமா மூன்று தடவை கேட்டுவிட்டார். வாப்பா மாட்டேன் என்றார். முசாபிர் வீடு கட்டுவானா? கொட்டிலைச் சுற்றி ஒரு கத்தரிக் கன்று வைக்கக்கூட அவர் விடவில்லை. உம்மாவுக்கோ அந்த அறைகூடப் பெரிதில்லை. குளிக்கிற இடத்துக்கு நாலு பக்கமும் சுவரும், உள்ளே கொக்கி போட்ட ஒரு கதவும் வேண்டும். நான் பெரிய பிள்ளையாவதற்குள் அது வேண்டும். முகாமில் எல்லாருக்கும் ஒரே பொதுக் கிணறு. மறைப்புக்குச் சுற்றிவரச் சாக்குப் படங்கு. காற்றடித்தால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

அந்த ஓகஸ்ட் விடுமுறையில் மாமா வந்து கடைசியாகச் சொன்னார். காணியை வேறு ஆட்கள் கேட்கிறார்கள், இந்த மாதத்துக்குள் ஆமா இல்லையா சொல்லுங்கள் என்று. சொல்லிவிட்டு, வருகிற கிழமை காலிக்கு உப்பு ஏற்றுவதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அடுப்படியில் இருந்த உம்மா, தாங்களும் வருவதாகச் சொன்னார். உம்மாவின் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் காலிக் கோட்டையின் படம் ஒன்று இருந்ததாம். மதிலுக்கு மேல் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று பத்து வயதிலிருந்தே ஆசையாம். இத்தனை வருடத்தில் உம்மா தனக்காக ஒன்று கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாப்பாவுக்கும் மறுக்க வாய் வரவில்லை.

அகதிக்கு என்ன சுற்றுலா என்றார்கள் பக்கத்துக் கொட்டில்காரர்கள். அரிசிக் கார்டை வெட்டிவிடுவார்கள் என்றார்கள். சாவு விழுந்த மையித்து வீடு மாதிரி இருக்க வேண்டிய நேரத்தில் கோட்டை பார்க்கப் போகிறாளாம் என்று ஒருத்தி உம்மாவின் காதுபடவே சொன்னாள். உம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எங்கட வீட்டைத்தான் எடுத்தாங்க. கண்ணையும் சேத்து எடுத்தவங்களா?"

அவ்வளவுதான். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் பின்னால் நடந்து வந்தேன். என் உம்மாவைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

விடியமுன் ஏறினோம். முன்னால் மாமாவும் உம்மாவும் தம்பியும். பின்னால் உப்பு மூட்டைகளுக்கு மேல் படங்கை விரித்து வாப்பாவும் நானும். சிலாபம் வரும்வரை பனிக்குளிர். பிறகு தென்னந்தோப்புகளுக்கு ஊடாக வெயில் வந்தது. மூட்டையின் ஈரம் பாவாடையில் ஊறி, காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. உம்மா கட்டித்தந்த பாண் துண்டுகளையும் சம்பலையும் சில்வர் சாப்பாட்டுக் கரியரிலிருந்து நானும் வாப்பாவும் கையால் பிய்த்துத் தின்றோம். என் வாழ்க்கையில் அதைவிட உயரமான ஆசனத்தில் நான் இருந்ததில்லை.

நீர்கொழும்பைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடி. இளவயது ஆமிக்காரன் ஒருவன் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். மாமா புத்தளம் என்றார். வாப்பா மூட்டைக்கு மேலிருந்து மன்னார் என்றார். அவ்வளவுதான், எல்லாரையும் இறக்கினார்கள். கம்பியால் ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்த்தார்கள். உப்பு தெருவில் ஒழுகியது. வெயிலில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். தம்பி மூத்திரம் போய்விட்டான். மறுபடி ஏறும்போது மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, புத்தளம் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டார்.

"அடையாளக் கார்ட்டில மன்னார் எண்டு இருக்கு மச்சான். வாயால வேற சொல்லட்டா?" என்றார் வாப்பா.

வாப்பா செய்தது விசர்த்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். ஈரக் காற்சட்டையோடு நின்ற தம்பியைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. இப்போது யோசித்தால், அந்த மனுசனிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் தெருவில் போட்டுவிட்டு வா என்று எப்படிச் சொல்வது?

காலிக்குப் போய்ச் சேர லுஹர் பாங்கு சொல்லி வெகுநேரம். உப்பு எடுக்கிற முதலாளியின் கடை டவுனில், வீடு கோட்டைக்கு உள்ளே. மாமா மூட்டை இறக்குகிற நேரத்துக்கு நாங்கள் நாலு பேரும் மதில்மேல் ஏறினோம். படத்தில் இருந்த மணிக்கூட்டுக் கோபுரம் அங்கே நின்றது. உம்மா அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், சூடு பார்க்கிறவரைப் போல.  முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது.

எங்களுக்குக் கடலென்றால் களப்பு. முழங்காலளவு தண்ணீர், சத்தமில்லாத தண்ணீர். காலியில் கடல் பாறையில் வந்து மோதி மதில் உயரத்துக்குத் தெறித்தது. தம்பி என் பாவாடையை விடவில்லை. வாப்பா மட்டும் எதற்கும் அசையவில்லை. மன்னார்க் கோட்டைக்கு நாலு மூலைதான், அது கணக்காக இருக்கும் என்றார். இவ்வளவு பெரிய மதில் கட்டுகிறவன் எவ்வளவு பயந்தவனாக இருக்க வேண்டும் என்றார். வெளிச்சவீட்டைப் பார்த்து, எங்கள் தலைமன்னாரிலும் ஒன்று இருக்கிறது என்றார். அங்கே மதில்மேல் மாங்காய் விற்ற மனுசியிடம்கூட மன்னார் மாங்காயைப் பற்றிக் கதைத்திருப்பார், அவவுக்குத் தமிழ் விளங்கியிருந்தால்.

அப்போதுதான் காற்று வந்தது. உம்மா பிடித்திருந்த கறுப்புக் குடை ஒரே அடியில் மேல்நோக்கி விரிந்து, கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு, மதிலைத் தாண்டிப் போய்விட்டது. கீழே பாறையில் ஒரு தடவை குந்தியது. அடுத்த அலை அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வாப்பா மதிலில் காலைப் போட்டு இறங்கப் பார்த்தார். உம்மா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அது ஊர்ச் சாமான்" என்று வாப்பா கத்தினார். அவர் கண் கலங்கிப் போயிருந்தது.

உம்மா அழுவார் என்று நானும் வாப்பாவும் நினைத்தோம். உம்மா சிரித்தார். முந்தானை பறக்க, தலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். குடை தன் வேலையை மழையிலேயே முடித்துவிட்டது, இனி அது எங்கே போனால் என்ன என்றார். வாப்பா அவரை வேற்று மனுசியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

முதலாளியின் வீட்டில் சோறு போட்டார்கள். உயர்ந்த தூண்கள் வைத்த விறாந்தை, கறுப்பு மரக் கதிரைகள், குளிர்ந்த சீமெந்துத் தரை. அந்த வீட்டுப் பெண் என்னைக் கை கழுவக் கூட்டிப்போன இடத்தில் குளியலறை இருந்தது. நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே பித்தளைக் கொக்கி. நான் கொக்கியைப் போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன், மறுபடி போட்டேன். வெளியே வர மனம் வரவில்லை. கதவைத் திறந்தபோது உம்மா எதிரே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

பிறகு கூடத்தில் பாய் விரித்தார்கள். மாமா இமாமாக முன்னால் நின்றார். எல்லாரும் முசாபிர்தான், லுஹரையும் அஸரையும் சேர்த்து இரண்டிரண்டாகத் தொழுவோம் என்றார். வாப்பா திரும்பி உம்மாவைப் பார்த்தார். கிட்டத்தட்ட இரண்டு வருடமாகப் பாயின் மற்றத் தலைப்பில் நாலு தொழுத மனுசி என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க அவருக்கு ஆசை.

"எனக்கும் ரெண்டுதான்" என்றார் உம்மா.

வாப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. இப்போதாவது வழிக்கு வந்தாயே என்கிற சிரிப்பு. உம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நான் புத்தளத்திலேருந்து பயணம் வந்திருக்கன். நாளைக்குத் திரும்பிப் போகப்போறன். திரும்பிப் போக ஒரு இடம் உள்ளவளுக்குத்தான் இந்த ரெண்டு. நீங்க எங்கேருந்து வந்தீங்க? நாளைக்கு எங்க போவீங்க?"

வாப்பா முன்பக்கம் திரும்பி வரிசையில் நின்றார். மாமா யாரையும் பார்க்காமல் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். வாப்பாவும் உம்மாவும் அன்றைக்குத்தான் முகாமுக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒன்றாகத் தொழுது ஒன்றாக முடித்தார்கள். வாப்பாவின் இரண்டுக்கு அர்த்தம் எனக்கு இங்கே வீடில்லை என்பது. உம்மாவின் இரண்டுக்கு அர்த்தம் எனக்கு வீடிருக்கிறது என்பது. பின்னால் நின்ற எனக்கு அது ஏதோ கொஞ்சம் விளங்கியது.

அன்று பின்னேரம் மறுபடி மதிலுக்குப் போனோம். வாப்பா மன்னாரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெள்ளைப் பள்ளிவாசலுக்கு எதிரே புல்லில் கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெளிச்சவீட்டைச் சுற்றி வந்தோம். அவர் கூட வராதது எனக்குப் பிடிக்கவில்லை. உம்மாவின் மீது கோபமாக இருந்தது.

இரவு முதலாளி வீட்டிலேயே தங்கி, மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். லொறி வெறுமையாக ஆடிக்கொண்டு வந்தது. படங்கை மடித்துப் போட்டு அதன்மேல் வாப்பாவும் நானும் இருந்தோம். மத்தியானம் போல அதே சோதனைச் சாவடி. வேறு ஓர் ஆமிக்காரன், வயது கூடியவன். ஏறி எட்டிப் பார்த்தான். வாப்பா வெயிலில் கண்ணயர்ந்து போயிருந்தார். கொஹெத யன்னே, எங்கே போகிறீர்கள், என்று அவன் சிங்களத்தில் கேட்டான்.

"கெதர யனவா மாத்தயா" என்றார் வாப்பா.

வீட்டுக்குப் போகிறோம் ஐயா. உப்பளத்தில் வேலை முடிந்து சைக்கிளை எடுக்கிற எல்லாரும் சொல்கிற சாதாரண வசனம். வாப்பா சிங்களம் படித்ததே அங்கேதான். ஆமிக்காரன் கையைக் காட்டினான், லொறி நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் வாப்பாவின் கண் முழுதாகத் திறந்தது. முன்பக்கத்துச் சின்னக் கம்பி வலைக்குள்ளால் உம்மா திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். வாயை அடக்க எனக்குத்தான் தெரியவில்லை.

"எந்த வீட்டுக்கு வாப்பா?"

"பேசாம இரு" என்றார். சிலாபம் கழிந்த பிறகு என் தலையில் கையை வைத்தார். "உம்மாவுக்குப் பிறந்த பிள்ளைதான் நீ" என்றார்.

முகாமுக்கு வந்து இறங்கும்போது அஸர் பாங்கு சொன்னது. வாப்பா கொட்டிலுக்குள் வரவில்லை. சட்டை முழுக்க உப்புத் தூளோடு நேரே முகாம் பள்ளிக்கு நடந்தார். அந்தப் பள்ளியும் தென்னங்கிடுகால் அடைத்த கொட்டில்தானே. நான் பின்னாலே ஓடிப்போய்க் கிடுகு இடுக்கால் பார்த்தேன். கடைசி வரிசையில் வாப்பாவின் வெள்ளை படிந்த முதுகு. இரண்டாவது முடிந்தது. இருந்தார். நான் கிடுகை இன்னும் கொஞ்சம் விலக்கினேன். மூன்றாவதுக்கு எழும்பினார்.

உம்மா வாசலில் கரியரைக் கழுவிக்கொண்டிருந்தார். வாப்பா நாலு தொழுகிறார் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். ஓம் என்றார். கரியரின் மூன்று தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகுதான் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மரைக்கார் தன் புத்திமதி பலித்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். முகாமில் கொஞ்சப் பேர் பெண்சாதிக்குத் தோற்றவர் என்று வாப்பாவைப் பகிடி பண்ணினார்கள். வேறு கொஞ்சப் பேர் ஊரை மறந்தவர் என்றார்கள். உங்கள் வாப்பாமாரும் அதில் இருந்தார்கள், நான் பெயர் சொல்லப் போவதில்லை. எல்லாரும் பிழையாகத்தான் நினைத்தார்கள். நாங்கள் தில்லையடிக்குப் போனோம். ஓர் அறையும் குளிக்கிற இடமும் கட்டினோம். தகரக் கதவுக்கு உள்ளே ஒரு கொக்கி. நான் பெரிய பிள்ளையானபோது அந்தக் கொக்கியை நானே போட்டேன்.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் எங்கள் தெருவிலிருந்து முதல் பஸ்ஸில் மன்னாருக்குப் போனவர் வாப்பாதான். நானும் போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. அறைக்குள் உடைமரம் முளைத்து முள்ளோடு நின்றது. லுஹர் நேரம் வந்தபோது கூட வந்தவர்கள் முசாபிர் என்று இரண்டு தொழுதார்கள். வாப்பா முள்ளை வெட்டி, இடம் துப்புரவாக்கி, நாலு தொழுதார். கேட்டவர்களுக்கு, இது என்ர வீடு, வீட்டில என்ன பயணம் என்றார். புத்தளத்திலும் நாலு, மன்னாரிலும் நாலு. மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை அப்படித்தான்.

இப்போது எனக்கு ஐம்பது நெருங்குகிறது. மன்னாரில் அந்தச் சுவர்களுக்கு மேல் கூரை போட்டிருக்கிறேன். போகிற நேரமெல்லாம் அங்கே ஒருவர் கேட்பார், உங்களுக்குத்தான் புத்தளம் இருக்கிறதே, இங்கே எதற்கு வருகிறீர்கள் என்று. திரும்பி வந்தால் இங்கே ஒருவர் கேட்பார், உங்களுக்குத்தான் மன்னார் இருக்கிறதே, இன்னும் ஏன் போகவில்லை என்று. பாதை திறந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போனேன். இனிச் சொல்வதாக இல்லை.

போன மாதம் மகன் என்னை மன்னாருக்குக் கூட்டிப்போனான். லுஹருக்குப் பாய் விரித்தேன். என் முழங்கால் வருத்தம் அவனுக்குத் தெரியும். அவன் சொன்னது அன்பில்தான்.

"உம்மா, நாம முசாபிர்தானே. ரெண்டு போதும்."

"நீ ரெண்டு தொழு மகன்" என்றேன்.

மார்க்கம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்குச் சட்டம் சொல்லலாம். மரியாதையாகக் கேட்பேன். ஆனால் எந்த இடத்தில் நான் பயணி என்று எனக்குச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பன்னிரண்டு வயதில் சோம்பலில் களவெடுத்த ரக்அத்துகளுக்கும் சேர்த்து இப்போது தொழுகிறேன். இரண்டாவது முடிந்து இருந்தேன். மகன் சலாம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவதுக்கு எழும்பும்போது இரண்டு முழங்காலும் கத்தின. எழும்பினேன்.